கன்னியாகுமரி முதல் ஸ்ரீநகர் வரை நடை: நான், கூட இரண்டு பேர், ஒரு வேன். திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

தக்கலைப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 29, தக்கலைக்குப் பக்கம் வீடு. பொங்கல் கழிந்ததும் கன்னியாகுமரி காந்தி மண்டபத்திலிருந்து புறப்பட்டு ஸ்ரீநகர் வரை நடக்க முடிவு செய்திருக்கிறேன். தேசிய நெடுஞ்சாலை 44தான் வழி. மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். நாளைக்கு 30 வீதம் நடந்தால் 125 நாள். ஓய்வு நாளையும் சேர்த்தால் ஜூன் முதல் வாரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு.

ஆறு மாதமாகப் பயிற்சி எடுக்கிறேன். தினமும் காலையில் பத்மநாபபுரம் கோட்டையைச் சுற்றி எட்டு கிலோமீட்டர். ஞாயிறு என்றால் தக்கலையிலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்புவேன், முப்பது வந்துவிடும். காலில் பிரச்சினை இல்லை. இரண்டு ஜோடி ஷூ, மழைக்கோட்டு, தொப்பி, இரவில் மின்னும் சட்டை, காலுக்குப் போடும் மருந்துகள், மூட்டுப் பட்டை, பவர் பேங்க், ஒரு மடக்கு நாற்காலி எல்லாம் வாங்கியாயிற்று.

கூட வருவது இரண்டு பேர். சித்தப்பா மகன் வண்டி ஓட்டுவான். நண்பன் ஒருவன் வீடியோ எடுப்பான், சமையலையும் பார்த்துக்கொள்வான். வண்டி பழைய ஆம்னி.

ஜனவரியில் கிளம்பினால் வெயிலில் மாட்டுவாய் என்று சிலர் சொல்கிறார்கள். 1983இல், பின்னாளில் பிரதமரான சந்திரசேகர் ஜனவரி 6ஆம் தேதி கன்னியாகுமரியில் தொடங்கி, 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஜூன் 25 அன்று டெல்லி ராஜ்காட்டில் முடித்திருக்கிறார். அவரால் முடிந்தது என்றால் ஏன் முடியாது என்று தோன்றுகிறது. காஷ்மீர் பக்கம் சுரங்கப் பாதைகளில் நடக்க விடுவார்களா, ராத்திரி எங்கே தங்குவது, நான் எதையாவது விட்டுவிட்டேனா என்றும் சொல்லுங்கள். போய் வந்தவர்கள், கூடப் போனவர்கள் யாராவது இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.

திக்குறிச்சி ஓட்டக்காரர்:

வாழ்த்துகள் தம்பி. பதினோரு வருடமாகச் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறேன். முன்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலத்தில் முடிகிற வரை பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலில், கையில் விசிறியோடு. வழி நெடுக மோரும் பானகமும் கஞ்சியும் வைத்துக்கொண்டு ஜனங்கள் காத்திருப்பார்கள். "கோவிந்தா, கோபாலா" என்று பக்கத்தில் ஒருவர் குரல் கொடுத்தால் நம் கால் தானாக எழும்பும்.

அந்த ஒரு ராத்திரியை வைத்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஓடி முடித்த அன்று கால் வலி தெரியாது. மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போதுதான் தெரியும். உன் பயிற்சியில் ஞாயிற்றுக்கிழமை முப்பது நடந்துவிட்டு திங்கட்கிழமை எட்டோடு நிறுத்துகிறாய். அது போதாது. லீவு போட்டுத் தொடர்ந்து பத்து நாள், நாளுக்கு இருபத்தைந்து நட. களியக்காவிளை, திற்பரப்பு, தோவாளை, முட்டம், எங்கே வேண்டுமானாலும் நட. ஆறாவது நாள் உன் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் தேதி குறி.

தனிநடை:

என் அபிப்பிராயம் வேறு. வேன், டிரைவர், கேமரா எதுவும் வேண்டாம். முதுகில் எட்டு கிலோ பை, கையில் ஒரு கம்பு, போதும். ராமேஸ்வரத்திலிருந்து திருப்பதி வரை அப்படித்தான் நடந்தேன். கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத் திண்ணையிலும் படுத்தேன். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆள் கூட இருந்தால் அவர்களைக் கவனிப்பதற்கே பாதி மனசு போய்விடும்.

குழித்துறை வேன்காரன்:

தம்பி, உன் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு வேன் ஓட்டுவதுதான் தொழில். 2023 அக்டோபர் 2ஆம் தேதி எங்கள் ஊர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நீ சொல்கிற அதே காந்தி மண்டபத்திலிருந்து நடக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவருக்கு 61 வயது. வண்டி நான் ஓட்டினேன். அவருடைய தங்கை மகன் சமையலும் கணக்கும் பார்த்தான். 2024 மார்ச் 30 அன்று ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்தோம். 181 நாள். அத்தனை நாளும் வேனுக்குள் இருந்தவன் நான். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் நீ கேட்ட தேதி விஷயம். பொங்கல் முடிந்து கிளம்பினால் மார்ச் நடுவில் ஹைதராபாத், ஏப்ரலில் நாக்பூர், மே மாதம் மத்தியப் பிரதேசமும் ஜான்சியும். அங்கே மே மாதத்தில் 45 டிகிரியைத் தாண்டும். தார்ச்சாலையில் நடக்கிறவனுக்கு மேலேயும் சூடு, கீழேயும் சூடு. சந்திரசேகர் நடந்தது உண்மைதான். ஆனால் அவர் போகிற ஊரிலெல்லாம் அவருக்காகப் பந்தல் போட்டு, சோறு ஆக்கி, ஆட்கள் காத்திருந்தார்கள். உனக்கு ஒரு ஆம்னி இருக்கிறது. அக்டோபர் முதல் வாரம் கிளம்பு. நம்ம ஊர் வடகிழக்குப் பருவமழையில் ஒரு மாதம் நனைவாய், அது பரவாயில்லை. நாங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டும்போதே குடையைக் காற்று திருப்பிவிட்டது. அங்கே காற்றாலை சும்மாவா வைத்திருக்கிறார்கள். நவம்பரில் ஓசூர் தாண்டிவிட்டால் பிறகு நடப்பதற்கு நல்ல காலம். ஜனவரிக் கடைசியில் லலித்பூர், ஜான்சி பக்கம் மூடுபனி. காலை ஒன்பது, பத்து மணி வரை சாரை நான் ரோட்டில் இறங்க விடவில்லை. பத்தடிக்கு அப்பால் லாரி தெரியாது.

முப்பது கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறாய். சார் சராசரி 24. நீ இளவயசு, உன்னால் முப்பது முடியும். ஆனால் முப்பது என்று பேப்பரில் எழுதிவிட்டால் இருபத்தைந்து நடந்த நாளெல்லாம் தோற்ற நாளாகத் தெரியும். அந்த முகத்தோடு நீ வேனுக்கு வருவாய். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்கள்.

இனி வேனுக்கு வருகிறேன். வேன் எப்படிப் போகும் என்று நினைக்கிறாய்? உன் பின்னாலேயே ஊர்ந்து வரும் என்றா? நால்வழிச் சாலையில் அப்படி ஊர்ந்தால் பின்னால் வருகிற லாரி வேனை அடித்து, வேன் உன்னை அடிக்கும். நாங்கள் செய்தது இது. வேன் நாலைந்து கிலோமீட்டர் முன்னால் போய், தார் விளிம்பை விட்டு நன்றாக இறங்கி, நிழல் இருக்கிற இடமாகப் பார்த்து நிற்கும். சார் ஐம்பது நிமிடத்தில் வருவார். தண்ணீர், ஒரு பழம், ஐந்து நிமிடம் உட்கார்வது. அவர் கிளம்பினதும் நான் அடுத்த இடம் தேடிப் போவேன். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு தடவை இப்படி.

இதில் ஒரு சிக்கல் உண்டு, போகும் வரை எங்களுக்குத் தெரியவில்லை. நடக்கிறவன் எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும். இருவழிச் சாலையில் சரி. நால்வழியில் வலது ஓரம் என்றால் அது எதிர்த்திசைச் சாலையின் ஓரம். வேன் இந்தப் பக்கம், சார் அந்தப் பக்கம், நடுவில் அரளிச் செடி. வள்ளியூர் தாண்டி முதல் நாள் அப்படித்தான் ஆயிற்று. அரளிக்கு மேலே அவருடைய மஞ்சள் குடை மட்டும் போவது எனக்குத் தெரிகிறது. தண்ணீர் என் கையில் இருக்கிறது. குறுக்கே ஓடவும் முடியாது, ஓடவும் கூடாது. அன்றிலிருந்து, தடுப்பில் எங்கே இடைவெளி இருக்கிறது, அடிப்பாலம் எங்கே வருகிறது, ஊர் எங்கே வருகிறது என்று முந்தின நாள் சாயங்காலமே நான் ஓட்டிப் பார்த்துக் குறித்துவைத்துவிடுவேன். சார் ஒன்றரை லிட்டர் தண்ணீரை முதுகிலேயே வைத்துக்கொள்வார். சார் நடந்தது மூவாயிரத்து எழுநூறு என்றால் வேன் ஓடியது 6,100. இந்தத் திரும்புவதும் தேடுவதும்தான் மிச்சம். உன் டீசல், பெட்ரோல் கணக்கை அதை வைத்துப் போடு.

நாள் முடிகிற இடத்தில் கிலோமீட்டர் கல்லில் பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டு சார் வண்டியில் ஏறுவார். தங்குகிற இடம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மறுநாள் விடிய அதே கல்லுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். காமாரெட்டி பக்கத்தில் ஒரு நாள் காலையில் துணியைக் காணவில்லை. போட்டோவும் எடுக்கவில்லை. எனக்கு அந்தக் கல்தான் என்று தோன்றியது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சார் ஒன்றும் சொல்லாமல், நிச்சயமாகத் தெரிந்த ஒரு டீக்கடை வரை என்னைத் திருப்பி ஓட்டச் சொல்லி, மூன்று கிலோமீட்டரை மறுபடி நடந்தார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு துணி, போட்டோ, நோட்டில் ஒரு வரி என்று மூன்றும் என் வேலை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது உன்னிடம் நான் சொல்ல வந்தது. உன் பதிவில் உன்னைப் பற்றி நிறைய இருக்கிறது. கூட வருகிற இரண்டு பேருக்கு நாலு வரி. அவர்கள் என்ன செய்வார்கள் என்று இருக்கிறது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று இல்லை. ஒரு மடக்கு நாற்காலி வாங்கியிருக்கிறாய், அது உனக்கு. மீதி இரண்டு பேர் எங்கே உட்காருவார்கள்? நடக்கிறவனுக்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது, சாயங்காலம் இத்தனை கிலோமீட்டர் என்று கையில் ஒரு கணக்கு இருக்கிறது. வேனில் இருக்கிறவனுக்குக் காத்திருப்பதுதான் வேலை. ஐம்பது நிமிடம் காத்திருப்பான், ஐந்து நிமிடம் உன் முகம் பார்ப்பான், மறுபடி ஐம்பது நிமிடம். ரோட்டோரப் புழுதி, ஹாரன், மொழி தெரியாத ஊர். போனில் எவ்வளவு நேரம்தான் படம் பார்ப்பது? ஒரு மாதத்தில் சார் மெலிந்து சுறுசுறுப்பானார். எனக்கும் அந்தப் பையனுக்கும் காலில் வீக்கம், வயிறு சரியில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் இரண்டு பேரும் சண்டை போட்டோம். உப்பு யார் வாங்குவது என்று அனந்தபூரில் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தோம்.

அப்புறம் டிசம்பர் வந்தது. நிர்மல் தாண்டி அடிலாபாத் போகிற வழி, இரண்டு பக்கமும் தேக்கங்காடு. 17ஆம் தேதியிலிருந்து நம்ம பக்கம் மழை. உனக்கு நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஜனங்களோடு நின்றுபோனது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஏரலில். தாமிரபரணிக் கரை. 18ஆம் தேதி காலையில் போன் போட்டால் போகவில்லை. அத்தானுக்குப் போட்டேன், போகவில்லை. தேக்கு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, செய்தியில் ஏரல் பாலத்தைக் காட்டுகிறார்கள், அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சார் வந்து தண்ணீர் கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ போ மக்களே, உடனே கிளம்பு" என்றார். எப்படிப் போவது? அந்தப் பையனிடம் பைக் லைசென்ஸ் மட்டும்தான் உண்டு. நான் போனால் வேன் நிற்கும், வேன் நின்றால் இவர்கள் இரண்டு பேரும் காட்டு ரோட்டில் நிற்பார்கள். "நான் போனா நீங்க எங்க படுப்பீங்க சார்" என்று கேட்டேன். சார் பதில் சொல்லாமல் வேனின் பின்கதவுப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று மீதி நாளும் நடக்கவில்லை, மறுநாளும் நடக்கவில்லை. தானே சம்பா அரிசிக் கஞ்சி வைத்து, பயறு தாளித்து, எனக்குப் போட்டுத் தந்தார். மூன்றாவது நாள் சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து அக்கா பேசினாள். பக்கத்து வீட்டு மாடியில் பதினாலு பேர் இருந்திருக்கிறார்கள். ஆடு இரண்டும் போய்விட்டது, வீட்டில் சேறு இடுப்பளவு, ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சார் அன்றைக்கு ராத்திரியே ஊருக்குப் போன் செய்து, லைசென்ஸ் உள்ள இன்னொரு பையனைச் சம்பளம் பேசி நாக்பூருக்கு வரச் சொன்னார். வேனை அவனிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஏரல் போய் எட்டு நாள் இருந்து, வீட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பையனும் கடைசி வரை எங்களோடு இருந்தான். அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒருவருக்கு நாலு நாள் லீவு. காத்திருக்கிற நேரத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்போம், ஒருவர் தூங்கலாம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று சாரே பல தடவை சொன்னார்.

ஆகவே ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் வேண்டும். வீடியோ எடுக்கிறவனுக்குக் கார் லைசென்ஸ் இல்லை என்றால் இப்போதே எடுக்கச் சொல். ஆள் மாற்ற ரயில் இருக்கிறது. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு தடவை கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை போகிறது, நாக்பூரும் டெல்லியும் ஜம்முவும் அதன் வழியில்தான்.

வண்டி வெள்ளை போர்டாக, வீட்டுச் சொந்த வண்டியாக இருக்கட்டும். என் வண்டி மஞ்சள் போர்டு. மாநிலம் மாநிலமாகப் பெர்மிட் பார்க்க வேண்டாம் என்று சாரின் தம்பி வீட்டு வேனை எடுத்தோம். ஆம்னியில் மூன்று பேர் சாமானோடு படுக்க முடியாது, கொஞ்சம் பெரியதாகப் பார். ராத்திரி தங்குவது பெரிய கஷ்டமில்லை. பெட்ரோல் பங்கில் கேட்டால் வண்டியை நிறுத்த விடுவார்கள், கழிப்பறையும் தண்ணீரும் இருக்கும். வடக்கே தாபாக்களில் கயிற்றுக் கட்டில் தருவார்கள், சாப்பிட்டால் போதும். பஞ்சாபில் குருத்வாரா. அவர்கள் எங்களை உட்காரவைத்துப் பரிமாறிய ரொட்டியையும் பருப்பையும் நான் மறக்க மாட்டேன்.

வழியில் இரண்டு, மூன்று இடம் மட்டும் சொல்கிறேன். நாக்பூருக்கும் சியோனிக்கும் நடுவே பெஞ்ச் புலிகள் காடு. விலங்குகள் கீழே போவதற்காக ரோட்டை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அங்கே வெயில் ஏறின பிறகு தொடங்கி, சாயங்காலத்துக்கு முன்னால் முடி. வேன் ஒரு கிலோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. நாங்கள் போனபோது விவசாயிகள் போராட்டத்தால் அம்பாலாவுக்கு அப்பால் ஷம்பு எல்லையில் ரோடு அடைத்திருந்தார்கள், கிராமத்து வழியாகச் சுற்றினோம். இது மாதிரி ஏதாவது ஒன்று வரும், நாள் கணக்கில் இடம் விட்டு வை.

சுரங்கம் கேட்டாய். செனானி–நாஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டர், 2017இல் திறந்தது. நடந்து போக விடமாட்டார்கள். பழைய ரோடு பட்னிடாப் வழியாக மலையேறி இறங்குகிறது, இரண்டாயிரம் மீட்டர் உயரம். சார் அதில் நடந்தார், இரண்டு நாள் கூடுதலாக ஆயிற்று. பனிஹால் சுரங்கத்தில் காவலுக்கு நின்றவர்கள் விடவில்லை. சார் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இந்தத் துண்டு நடக்கவில்லை" என்று நோட்டில் எழுதினார். நீயும் எழுதிவிடு. ராம்பன் பக்கம் மழை பெய்தால் மண் சரியும், ரோடு திறக்கிற வரை பொறுமையாக இரு. இன்னொன்று, வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். உன்னிடம் ஒன்று இருந்தால் போதாது, வேனிலும் ஒன்று வேண்டும்.

தனிநடை சொன்னதை நான் மறுக்கவில்லை, அவர் நடந்தது பெரிய காரியம். ஆள் கூட்டிப் போனால் அவர்களைக் கவனிக்கப் பாதி மனசு போகும் என்று சொன்னாரே, அது சரி. போகத்தான் வேண்டும்.

கோட்டாறு நர்ஸ்:

வேன்காரர் எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். காலைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

ஷூ உன் அளவைவிட ஒரு அளவு பெரியதாக வேண்டும், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஓட்டக்காரர்கள் போடுகிற செயற்கை நூல் சாக்ஸ் வாங்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாக்ஸைக் கழற்றிக் காலைக் காற்றாட விடு. தோல் எங்காவது சூடாகத் தெரிந்தால் அப்போதே டேப் ஒட்டு, கொப்புளம் வரும் வரை காத்திராதே. சின்னக் கொப்புளத்தை உடைக்காதே. பெரிதாகி நடக்க முடியவில்லை என்றால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலைப் பிய்க்காமல் மருந்து வைத்துக் கட்டு. சிவப்பு மேலே பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ நடையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போ.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து. வேர்வையோடு போன உப்பு திரும்பி வராவிட்டால் தலைசுற்றல், வாந்தி, குழப்பம் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதித் தண்ணீரில் கரைக்கக் கூடாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் நல்லது.

இன்னொன்று நாய். நடக்கிறவர்களை நாய் விடாது. கடித்தாலும் பிராண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசி போட வேண்டும். அடுத்த ஊசிகள் வேறு வேறு ஊரில் வரும், தேதியைத் தவற விடக் கூடாது. கிளம்பும் முன்னால் டெட்டனஸ் போட்டுக்கொள், முன்கூட்டியே போடுகிற வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேள். மூன்று பேரும் போடுங்கள். வேனில் இருக்கிறவர்கள் ஒரு மணிக்கு ஒரு தடவையாவது இறங்கி நடக்க வேண்டும். கால் வீங்குவது உட்கார்ந்தே இருப்பதால்தான்.

தக்கலைப் பையன்:

எல்லாருக்கும் நன்றி. வேன்காரர் அண்ணே, நேற்று ராத்திரி உங்கள் பதிவை வாசித்த பிறகு தூக்கம் வரவில்லை. ஒன்று ஒப்புக்கொள்கிறேன். சித்தப்பா மகனிடம் நான் சரியாகக் கேட்கவே இல்லை. "வண்டி ஓட்ட வருவியாடே" என்று கேட்டேன், "வாறேன்" என்றான், அவ்வளவுதான். அவன் மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாதம். பொங்கலுக்குப் பிறகு நான் கிளம்பினால் பிரசவ நேரத்தில் அவன் மகாராஷ்டிராவில் இருப்பான். அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இன்று காலை அவன் வீட்டுக்குப் போனேன். அவள் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அக்டோபருக்குத் தள்ளிவைக்கலாம் என்று சொன்னேன். அவன் முகத்தில் தெரிந்தது. அதற்குள் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகிவிடும், நாக்பூர் வரை நான் ஓட்டுகிறேன், அதற்கு மேல் வேறு ஆள் பார் என்றான். நண்பன் லைசென்ஸுக்கு எழுதிப் போடுகிறான். திக்குறிச்சி அண்ணன் சொன்ன பத்து நாள் நடையை டிசம்பரில் செய்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும். சம்பளம் கொடுக்கலாமா? சொந்தக்காரனுக்குச் சம்பளம் என்றால் தப்பாக எடுத்துக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது.

குழித்துறை வேன்காரன்:

கொடு. சார் எனக்கு மாதம் இருபதாயிரம் தந்தார், தங்கை மகனுக்கும் தந்தார். மாசம் ஐந்தாம் தேதி எந்த ஊரில் இருந்தாலும் வீட்டுக் கணக்குக்குப் போய்விடும். அவன் ஆறு மாதமோ மூன்று மாதமோ வேறு வண்டி ஓட்டாமல் உன்னோடு வருகிறான். வீட்டில் பால் வாங்க வேண்டும், பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டும். கையில் கொடுத்தால் கூச்சப்படுவான், அவன் மனைவி பேரில் போட்டுவிடு. எவ்வளவு என்று அவளிடமே கேட்டு முடிவு செய். அதற்குக் காசு சேரவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போ. ரோடு அங்கேயேதான் இருக்கும்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மார்த்தாண்டம் ஸ்டாண்டில் இருப்பேன். வா. சாருடைய நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, எந்தக் கல்லில் எந்த நாள் நின்றோம், எங்கே தண்ணீர், எங்கே தடுப்பு இடைவெளி எல்லாம் அதில் உண்டு. நகல் எடுத்துக்கொள்ளலாம். வரும்போது சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு வா. அவனிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும்.